இருபத்தாறு நொடி

எனக்கு வேலை கொடுத்த கம்பெனி முதல் நாளே கறாராகச் சொன்ன விதி ஒன்றுதான். இன்டர்நெட் வயரில் வர வேண்டும், வைஃபை கூடாது. மற்ற விதிகளெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

என் வேலை தொலைபேசி மொழிபெயர்ப்பு. கனடாவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கும் இங்கிலீஷ் தெரியாத ஒரு தமிழருக்கும் நடுவில் நான் குரலாக உட்கார்ந்திருப்பேன். "அவர் வலிக்கிறது என்கிறார்" என்று சொல்லக் கூடாது. "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து பேராக இருந்துவிட்டு எழுந்து போய்ச் சாம்பாருக்குப் புளி கரைப்பேன். காதில் விழுந்த ஒரு சொல்லை விடவும் கூடாது, சொந்தமாக ஒரு சொல்லைச் சேர்க்கவும் கூடாது, கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது. அதனால் இங்கே நோயையும் வேறு சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

வைஃபையில் பேச்சு விட்டு விட்டு வரும். மாத்திரை அளவு சொல்லும்போது ஓர் எண் காணாமல் போனால் ஆபத்து. அதனால் அந்த விதியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் அதைப் பூட்டாகவே போட்டு வைத்திருந்தார்கள். வயர் செருகியிருக்கும் வரை வைஃபை தூங்கும். வயரைப் பிடுங்கினால்தான் அது விழித்து, தேடி, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். அழைப்போ அரை நிமிஷம்தான் பொறுக்கும். அதற்குள் நான் திரும்பி வராவிட்டால் அறுந்துவிடும். நோயாளி மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அங்கே இரவாக இருக்கும் அந்த நேரத்தில் தமிழுக்கு நாங்கள் மூன்றே பேர்தான் இருந்தோம்.

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், ஒரு வீட்டின் மாடியில். நான் வளர்ந்தது திருச்சி டவுனில், பாலக்கரைப் பக்கம். தேர் என்றால் பஸ் சுற்றிப் போகும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. இந்த வீதிக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, சித்திரைத் தேர் வரும் காலையில் வீதியின் குறுக்கே போகிற கம்பி எதுவும் தலைக்கு மேல் இருக்காது என்று. கரண்ட்டை விடியும் முன்பே நிறுத்திவிடுவார்கள். கேபிள் வயர், இன்டர்நெட் வயர் எல்லாவற்றையும் தேர் வருமுன் கழற்றிச் சுருட்டிவிடுவார்கள். எங்கள் வயர் எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து வீதியைத் தாண்டித்தான் மாடிக்கு வருகிறது.

"தேரன்னைக்கு லீவு போட்டுருங்க" என்று கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு வாரம் முன்பே சொன்னார். யார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்? முந்தின வருஷம் தேர் எங்கள் வீதிக்கு வரும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. என் ஷிப்ட் எட்டு மணிக்கு முடிந்துவிடும். கீழ வீதியில் கிளம்பி, தெற்கு வீதி, மேல வீதி எல்லாம் சுற்றிக் கடைசியாகத்தான் வடக்கு வீதிக்கு வரும். ஒரு மணி நேரம் கையில் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன்.

அப்படியும் ஒரு முன்னேற்பாடு செய்துகொண்டேன். என் கணவர் ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். அவருக்கு இந்த மாதிரிக் குறுக்கு வழிகள் என்றால் உயிர். செல்போனைச் சார்ஜர் வயரால் லேப்டாப்போடு இணைத்து, போனின் இன்டர்நெட்டை அதற்குள் விட்டால், லேப்டாப் அதையும் ஒரு வயர் என்றே நினைத்துக்கொள்கிறது. பூட்டு ஏமாந்துவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். ஒன்று போனால் தானாக மற்றதற்குத் தாவும். முந்தின நாள் சாயங்காலம் மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். நான் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருக்க, அவர் மோடத்து வயரைப் பிடுங்கி, நொடி எண்ணினார். ஏழு, ஆறு, மறுபடி ஏழு.

"வயர்தானே வேணும்னாங்க? இதுவும் வயர்தான்" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஒத்திகை பார்த்தபோது வீதி காலியாக இருந்தது. அது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

தேரன்று காலை ஆறு மணிக்குக் கேபிள்காரர் வந்தார். எங்கள் வீதி முழுக்க அவர்தான் இன்டர்நெட் கொடுக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏணியைக் கீழே சாய்த்துவிட்டு மாடிக்கு வந்து விவரம் சொன்னார்.

"அக்கா, தேரு மூல திரும்பிடுச்சுன்னா நான் ஒயரப் புடுங்கிருவேன். அப்பறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

"எட்டு மணி வரைக்கும் மட்டும் விட்டுருங்கண்ணே. அதுக்கப்பறம் என்ன வேணா செஞ்சுக்குங்க."

"போன வருஷம் மாதிரின்னா ஒம்போது ஆயிரும். பயப்படாம வேலயப் பாருங்க. ஆனா பெருமாள் என்னைக்கு என்ன அவசரத்துல வருவாருன்னு யாருக்குத் தெரியும்?"

மோடத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்திருந்தோம். லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருந்தது. ஃபேன்தான் இல்லை. சத்தம் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். காய்ச்சல், கர்ப்பகால ஸ்கேன், கண்ணில் விடும் சொட்டு மருந்து. ஏழரை வரை எல்லாம் சாதாரண அழைப்புகள்.

ஏழரைக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வீதி தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை பக்கத்திலிருந்து வந்து விடிய விடிய வீதியிலேயே படுத்திருந்தவர்கள், எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்போன். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. உள்ளே வந்து கணவரின் போனில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். சிக்னல் கோடு முழுசாக இருந்தது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இத்தன பேரு போன வச்சிருந்தா நமக்கு எங்கேருந்து வரும்?" என்றார் அவர். வடம் பிடிக்கப் போவதற்காக வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "லாக் அவுட் பண்ணிடு. தேரு சீக்கிரமா வருதாம், மேல வீதி பாதி தாண்டிடுச்சுங்கிறாங்க."

மணி ஏழு நாற்பத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தானே என்று நினைத்தேன். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட நேரத்துக்கு முன்னால் எழுந்து போனவள் இல்லை என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. அதைத் திமிர் என்று இப்போது சொல்கிறேன். அப்போது கடமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு ஐம்பதுக்கு அழைப்பு விழுந்தது. எங்கள் சாப்ட்வேரில் எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது, தானாகவே காதில் வந்து விழும். எடுத்த அழைப்பை ஷிப்ட் முடிந்துவிட்டது என்று வைக்கவும் கூடாது.

டாக்டர் ஒரு பெண். வேகமாகப் பேசினார். எதிரில் ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்துத் தமிழ். அவர் மனைவிக்குக் குடல் முறுக்கிக்கொண்டு உள்ளேயே கிழிந்திருந்தது. அந்த அம்மாள் நினைவில்லாமல் கிடந்தார். ஒரே மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள், அங்கே விடிந்துதான் இறங்குவாள். இப்போதே ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், செய்யும்போதே உயிர் போகவும் போகலாம். செய்யாவிட்டால் வலி தெரியாமல் மருந்து கொடுப்பார்கள், மறுநாளைக்குள் முடிந்துவிடும். செய்வதா வேண்டாமா என்று பெரியவர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது.

"உங்கள் மனைவி பேசக்கூடிய நிலையில் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை யோசித்துச் சொல்லுங்கள்." டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

பெரியவர் வேறு எதையோ கேட்டார்.

"அவவுக்குக் குளிருமே? கம்பளி போட்டிருக்கினமோ?"

இங்கிலீஷில் கேட்டேன். போட்டிருக்கிறோம் என்றார் டாக்டர். தமிழில் சொன்னேன்.

"பிள்ளை, நீங்கள் எங்கையிருந்து கதைக்கிறியள்? பின்னாலை ஏதோ சத்தம் கேட்குது."

அது என்னிடம் கேட்ட கேள்வி. பதில் சொல்லக் கூடாது. அதையும் இங்கிலீஷாக்கி டாக்டரிடம் கொடுத்தேன். சத்தம் எனக்கும் கேட்டது. மூடின ஜன்னலைத் தாண்டி "ரங்கா! ரங்கா!" என்று ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்துவது மேல வீதி முடியும் மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

என் கணவர் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பெரிதாக எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "மூலைக்கு வந்தாச்சு." நான் கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே விரலைக் காட்டினேன். புரிந்துகொண்டு கேபிள்காரரைத் தேடிப் படியிறங்கி ஓடினார். இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்க வந்து அடுத்த தாளை நீட்டினார். "கேட்டுட்டேன். முடியாதாம். கடைசி ஆளா உன் வயரக் கழட்டுறேங்கறார்."

அதற்குள் அவருக்கு ஒரு யோசனை. எங்கள் சமையலறை ஜன்னல் பின்பக்கம் அடையவளஞ்சான் வீதியைப் பார்த்து இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு, சிக்னல் கொஞ்சமாவது நகரும். போனை அங்கே கொண்டுபோக வேண்டுமென்றால் லேப்டாப்பும் போக வேண்டும், லேப்டாப் போனால் நானும் போக வேண்டும். காதில் ஹெட்செட்டோடு, நிறைகுடத்தைத் தூக்குகிற மாதிரி லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தேன். அவர் மோடத்து வயரை நாற்காலிக் காலிலும் கதவிடுக்கிலும் மாட்டாமல் விடுவித்துக்கொண்டே பின்னால் வந்தார். நடந்துகொண்டே, "ஆபரேஷன் முடிந்த பிறகு மலம் வெளியே வர வயிற்றில் ஒரு பை பொருத்த வேண்டி வரலாம், அது உங்களுக்குப் புரிகிறதா?" என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

மாவுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு அடுப்பு மேடையில் லேப்டாப்பை வைத்தேன். அவர் போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார். செய்திப் பக்கம் திறந்தது. மெதுவாகத்தான், ஆனால் திறந்தது.

இப்போது எனக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் விதியிலேயே அதற்கு இடம் உண்டு. "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். என் இணைப்பு சில நொடிகள் போய் வரலாம். நான் மறுபடி பேசும் வரை தயவுசெய்து யாரும் பேசாமல் இருங்கள்." இரண்டு மொழியிலும் சொல்ல அரை நிமிஷம் ஆகும். வாய் வரை வந்துவிட்டது.

ஆனால் டாக்டர் அந்த நேரம் பார்த்துக் கேட்டார். "ஐயா, எனக்கு இனி நேரமில்லை. செய்யட்டுமா, வேண்டாமா?"

தமிழில் கேட்டேன். பெரியவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஒரு மனுஷன் தன் மனைவியின் உயிரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் இடத்தில், என் வீட்டு வயரைப் பற்றி எப்படிப் பேசுவேன் என்று நினைத்தேன். பேசினால் கலைந்துவிடுவாரே என்று பயந்தேன். எங்கள் அழைப்பெல்லாம் ரெக்கார்ட் ஆகும், வயரில் இல்லை என்பது அதில் விழுந்துவிடுமே என்ற பயமும் ஓர் ஓரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கேபிள்காரர் வயரைக் கழற்றியதும் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். நான் இருந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, பெரியவரின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது என்பதுதான்.

கணவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, இடது கை விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஏழு தாண்டியது. பத்து. திரையில் அழைப்பின் பெயர் மங்கி, நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பதினைந்து. வாசல் பக்கம் தேர்ச் சக்கரம் கிறீச்சிட்டு, வீடு லேசாக அதிர்ந்தது. ஜனங்கள் அலறினார்கள். எனக்குப் பெருமாளைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை, சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது. கணவர் போனை இன்னும் வெளியே நீட்ட, கை தோள் வரை ஜன்னல் கம்பிக்கு வெளியே போய்விட்டது. இருபத்தைந்து.

"மொழிபெயர்ப்பாளரே, இருக்கிறீர்களா?" என்று டாக்டரின் குரல் காதில் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழைப்பு அறுபடவில்லை. இருக்கிறேன் என்றேன்.

"அவர் என்ன சொன்னார்?" என்றார் டாக்டர்.

வந்த சந்தோஷம் அப்படியே வற்றிப் போயிற்று. நான் இல்லாத நேரத்தில் பெரியவர் பேசியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, தமிழுக்குத் திரும்பினேன். "ஐயா, நீங்க சொன்னது என் காதுல விழல. மன்னிக்கணும். இன்னொரு தடவ சொல்றீங்களா?"

பெரியவர் திருப்பிக் கேட்டார்.

"முந்திச் சொன்னது கேட்கேல்லையே?"

"கேக்கலைங்க."

"ஒண்டும் கேட்கேல்லையே?"

"இல்லைங்க ஐயா."

பிறகு வேறு ஒரு குரலில், பாரத்தை இறக்கி வைத்தவர் போல, சொன்னார். "கேட்காமல் போனதுக்கும் ஒரு காரணம் இருக்கும். சரி. செய்யச் சொல்லுங்கோ."

ஒரு சொல்லும் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். காரணம் இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான். டாக்டர் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, நிச்சயமாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். "இல்லை. செய்யுங்கோ" என்றார் பெரியவர். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். மணி எட்டு பதினொன்று.

வாசலுக்குப் போய்ப் பார்த்தபோது தேர் எங்கள் வீட்டைத் தாண்டியிருந்தது. கணவர் தோளைத் தேய்த்துக்கொண்டே கீழே ஓடி, வடத்தில் கை வைத்துவிட்டு வந்தார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓர் உயிர் வரிசையின் கடைசிக்குப் போகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானம் பாயசம் கூட வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. அந்த அழைப்பில் என் பக்கம் இருபத்தாறு நொடி மௌனம், விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுவதற்காக ஒலிப்பதிவையும் இணைத்திருந்தார்கள். பதிவு ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து எடுப்பது. நான் இல்லாத நேரத்திலும் அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"அதக் கேக்காத. முடிஞ்சு போன விஷயம்" என்றார் கணவர்.

அவர் ஆபீசுக்குப் போன பிறகு கேட்டேன். டாக்டரின் கேள்வி, தமிழில் என் குரல், பெரியவரின் மூச்சு. பிறகு என் காதில் விழாமல் போன பேச்சு, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"நான் அவவுக்கு வாக்குக் குடுத்தனான், பிள்ளை. வெட்டிக் கொத்த விடமாட்டன் எண்டு. போன வருசமே கையைப் பிடிச்சுக் கேட்டவ. வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவ நோகாமல் போகட்டும்."

அதற்குப் பிறகு டாக்டர் என்னைக் கூப்பிடுகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

மெயிலோடு வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. விடுபட்ட பேச்சு மறுபடி சொல்லப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆபரேஷன் என்றைக்கோ முடிந்திருக்கும். இல்லை என்று போட்டால் விசாரிப்பார்கள். மனைவி கேட்டுக்கொண்டதை இரண்டாம் தடவை ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெரியவரை யாராவது உட்கார வைத்துக் கேட்பார்கள். அதை அவர் தாங்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன். அவருக்காகச் செய்தது பாதி. என் வேலைக்காகச் செய்தது மீதி. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டுக்கும் அவசியமே இருந்திருக்காது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

அந்த அம்மாள் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வேலையில் யாருக்கும் எதுவும் தெரியாது, அழைப்பு முடிந்தால் முடிந்ததுதான். பிழைத்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் பிழைத்துக் கண் திறந்து, வயிற்றுத் தையலைக் கையால் தொட்டுப் பார்த்ததும் தன் கணவரிடம் முதலில் என்ன கேட்டிருப்பார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.